செல்லமுத்து என்னை நோக்கி நடந்து வந்தார்

எச்.ஆர். என்று அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குச் சேர்கிற தம்பி தங்கைகளே, எங்கள் காலத்தில் இதற்குப் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று பெயர். பெயர்தான் மாறியிருக்கிறது. ஆள் எடுப்பது, எடுத்த ஆளை வைத்துக்கொள்வது, வைத்துக்கொள்ள முடியாதவரை அனுப்புவது, இந்த மூன்றும்தான் அன்றைக்கும் வேலை, இன்றைக்கும் வேலை. மூன்றாவதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விருப்ப ஓய்வில் வந்து மூன்று வருஷமாகிறது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இருந்தேன். நான் சொல்லப்போகிற சமயத்தில் எனக்கு முப்பத்திரண்டு வயது. உதவி அதிகாரி. மீசை வைத்திருந்தேன். அதிகாரம் முழுக்க அதில்தான் இருந்தது.

என் அறையில் இரண்டு மேஜை. ஒன்று எனக்கு. இன்னொன்று டைப்பிஸ்ட் அம்மாவுக்கு. எனக்கு முன்னால் அங்கே நாலு அதிகாரிகள் வந்து போயிருந்தார்கள். அந்த அம்மா அப்படியே இருந்தார். கொடுத்ததை அடிப்பார். கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் பேசமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டலாங்களா?" என்பது. அறைக்குப் பின்னால் ரெக்கார்டு ரூம். ஜன்னல் கிடையாது. உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. யார் எதற்காக உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது.

செல்லமுத்து மில் பகுதியில் ஃபிட்டர். குன்னம் பக்கத்து ஆள். ஆறடிக்குக் குறையாத உயரம், கதவு அகலம். மில் என்றால் தெரியுமில்லையா, இரும்புக் குண்டுகள் உருண்டு உருண்டு, சூளையிலிருந்து வருகிற கிளிங்கர் கட்டிகளைச் சிமெண்ட் மாவாக அரைக்கிற இடம். அங்கே பத்து வருஷம் வேலை செய்தவர்கள் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்டால் பக்கத்துத் தெருவில் சொம்போடு வந்து நிற்பார்கள். அவர்களுக்கு அதுதான் பேச்சு.

அவர் ஒரு திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். சிறுவாச்சூர் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. அந்தத் திங்கட்கிழமை மில்லை நிறுத்திப் பழுது பார்க்கிற நாள். நான் பெரிய மனசு பண்ணி, திங்கள் என்பதை அடித்துவிட்டு ஞாயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பது அந்த மாவட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் ஊரில் சாமி எல்லா நாளும் டியூட்டி.

அந்த லீவுச் சீட்டு அவர் கைக்குப் போன மறுநாள், காலை பதினொன்றரை மணி. வாசலில் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். செல்லமுத்து. வலது கையில் குழாய் முறுக்குகிற பைப் ரிஞ்ச், மூன்றடி நீளம்.

"சார்!" என்றார்.

என் மேஜையை நோக்கி நடந்து வந்தார்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. ரெக்கார்டு ரூமுக்குள் இருந்தேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. எப்படி எழுந்தேன், நாற்காலியை எப்படித் தாண்டினேன், ஒரு விவரமும் ஞாபகமில்லை. கையில் ஆயுதமாக எதையோ எடுத்து வந்திருந்தேன். தடவிப் பார்த்தேன். ஸ்டாப்ளர். அதில் பின் இல்லை.

முக்கால் மணி நேரம் இருந்தேன். வெளியே டைப் அடிக்கிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அந்த அம்மாவை மிரட்டி ஏதோ அடிக்க வைக்கிறான் என்று நினைத்தேன். கடைசியில் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு. என் டிபன் பாக்ஸு உள்ள ஆணியில மாட்டியிருக்கேன். கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

எடுத்துக் கொடுத்தேன். கூடவே நானும் வெளியே வந்தேன். செல்லமுத்து இல்லை. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. இங்கேதான் முதல் தப்பு. ஓடியது தப்பில்லை. ஓடுவது உடம்பு செய்கிற வேலை. கேட்காமல் இருந்தது நான் செய்த வேலை.

சாப்பாடு முடிவதற்குள் சேதி மேனேஜருக்குப் போய்விட்டது. கூப்பிட்டார்.

"என்னய்யா, செல்லமுத்து உன்ன அடிக்க வந்தானாமே?"

ஒரு ஃபிட்டர் "சார்" என்று கூப்பிட்டதற்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன் என்று சொல்லலாம். அல்லது அடிக்க வந்தான் என்று சொல்லலாம். என் மீசை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

"ஆமா சார்."

"விடக் கூடாதுய்யா. டிஸ்மிஸ் வரைக்கும் போவோம். சார்ஜ் மெமோ போடு."

புகார் கொடுத்தவன் நான். சாட்சியும் நான். சார்ஜ் மெமோ எழுதுகிறவனும் நானே. இதில் ஏதோ இடிக்கிறதே என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஆள் பற்றாக்குறை.

நம் தொழிலில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. எங்களுக்குத் தாய் ஃபைல் என்று ஒன்று இருந்தது. பல வருஷத்துக்கு முன் லோடிங் பகுதியில் ஒருவன் கடப்பாரையைச் சுழற்றி சூப்பர்வைசர் மண்டையை உடைத்துவிட்டான். அவனுக்கு அடித்த சார்ஜ் மெமோ லேபர் கோர்ட் வரை போய் நின்று ஜெயித்தது. அன்றிலிருந்து யார் எதைச் செய்தாலும் அந்த ஃபைலைப் பார்த்துத்தான் எழுதுவோம். ஜெயித்த வாசகத்தை மாற்றக் கூடாது என்பது சம்பிரதாயம். "இன் அன் அக்ரஸிவ் அண்டு இண்டிமிடேட்டிங் மேனர்" என்று தொடங்கி, பயங்கர ஆயுதத்தைத் தூக்கிச் சுழற்றியபடி, கொடிய நோக்கத்தோடு என்று ஒரே மூச்சில் போகும் அந்தப் பத்தி. படித்தால் எனக்கே வேர்த்துவிடும்.

பேரை மாற்றினேன். டோக்கன் நம்பரை மாற்றினேன். கடப்பாரை இருந்த இடத்தில் பைப் ரிஞ்ச் போட்டேன். தலையில் தையல் போட்ட வரி ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. தமிழ் நகலில் "ஆக்ரோஷமாக" என்று போட்டேன். டைப்பிஸ்ட் அம்மா அடித்துக் கொடுத்தார். தப்பில்லாமல் அடித்திருந்தார்.

செல்லமுத்து சஸ்பெண்ட் ஆனார். சஸ்பெண்ட் ஆனவருக்கு லீவு தேவையில்லை. திங்கட்கிழமை காதுகுத்து நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

அவர் கொடுத்த பதில் நாலே வரி. "நான் நடந்து வந்தேன். சார் உள்ளே போனார். நான் காத்திருந்தேன். சார் வராததால் வேலைக்குப் போனேன்." இவ்வளவுதான். "திமிர்" என்று மேனேஜர் ஓரத்தில் எழுதினார்.

விசாரணை அதிகாரியாகப் பெரம்பலூரிலிருந்து ஒரு வக்கீலைப் போட்டார்கள். நிதானமான மனிதர். செல்லமுத்துவுக்குத் துணையாகப் பேச சம்சுதீன் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், கிரேன் ஓட்டுகிறவர், சவுதியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் பேசிப் பிழைக்கிறவன். பாய் பேச்சிலேயே விளையாடுகிறவர். முதல் நாளே எழுந்தார்.

"வக்கீல் சார், எங்க ஆளுக்கு இங்கிலீசு தெரியாது. இதுல 'அக்ரஸிவ்'னு போட்டிருக்காங்க. தமிழ்ல ஆக்ரோஷம்ங்கறாங்க. ஆக்ரோஷம்னா என்னா செஞ்சாரு? கடிச்சாரா, கத்துனாரா, கல்ல எறிஞ்சாரா? அந்த இங்கிலீசு வார்த்தைக்கு என்னா அர்த்தம், எங்கேருந்து வந்துச்சு, அத அவுங்களே வெளக்கமா சொல்லிப்புட்டா நாங்களும் பதில் சொல்லிட்டுப் போயிடுவோம்."

"நியாயம்தான்" என்றார் வக்கீல். "அடுத்த அமர்வுல மேனேஜ்மெண்ட் தரப்புல அர்த்தம் சொல்லட்டும்." மேனேஜ்மெண்ட் தரப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

எனக்கு உண்மையில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிப் பார்த்தபோது "அதான், அக்ரஸிவ்வா" என்பதைத் தாண்டி வாய் போகவில்லை. ஆபீஸில் இருந்த டிக்ஷனரி "தாக்குகிற குணமுள்ள" என்று ஒரு வரியோடு நின்றுவிட்டது. பாய் அதோடு நிற்கமாட்டார். எங்கேருந்து வந்தது என்று வேறு கேட்டிருக்கிறார். பெரம்பலூரில் ஒரு லைப்ரரியில் வார்த்தைகளின் பூர்வீகம் சொல்கிற தடிப் புத்தகம் இருப்பதாகச் சொன்னார்கள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குன்னத்தில் சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றி என் காலடியில் அடுக்கினார்கள். பெரம்பலூரில் இறங்கும்போது கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

புத்தகத்தைப் பிரித்தேன். பயங்கரமாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரத்தம், கத்தி, போர்க்களம், இப்படி. இருந்தது வேறு. லத்தீனில் 'அட்' என்றால் நோக்கி. 'கிராடி' என்றால் அடியெடுத்து வைப்பது. இரண்டும் சேர்ந்துதான் இந்த வார்த்தை. ஒருவரை நோக்கி நடந்து போவது. அவ்வளவுதான் ஆதி அர்த்தம். நடந்து போனவர்கள் போன இடத்தில் சும்மா இருக்காததால் பிற்பாடு பாய்வது, தாக்குவது என்று ஆகியிருக்கிறது. ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் வருகிற ப்ராக்ரஸ்கூட இதற்குப் பங்காளியாம். அதுவும் அதே நடைதான், முன்னால் நடப்பது.

சரி, பக்கத்து வார்த்தையாவது காப்பாற்றும் என்று, பயமுறுத்துவது என்கிற 'இண்டிமிடேட்' பக்கம் போனேன். அது 'டிமிட்' என்பதிலிருந்து வருகிறது. டிமிட் என்றால் பயந்தவன், பயந்தாங்கொள்ளி.

நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்ததைப் படித்துப் பார்த்தேன். தாய் ஃபைலிலிருந்து எடுத்து, லேபர் கோர்ட்டிலேயே ஜெயித்த அந்த வாசகம், பூர்வீகத்துக்குப் போனால் சொல்வது இதுதான்: செல்லமுத்து என்னை நோக்கி நடந்து வந்தார், நான் பயந்தாங்கொள்ளி. அவர் கொடுத்த நாலு வரி பதிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருடையதில் மரியாதை கொஞ்சம் கூடுதல்.

மறுநாள் காலை, ஒரு வருஷத்துக்குப் பிறகு டைப்பிஸ்ட் அம்மாவிடம் இரண்டாவது கேள்வி கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நான் உள்ள போனதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சாரு?"

அவர் டைப் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நின்னாரு. 'சார் என் லீவு ஃபைல எடுக்கப் போயிருக்காரா?'ன்னு கேட்டாரு. இருக்கும்னேன். தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. அந்த ரிஞ்ச எங்க வெக்கறதுன்னு தெரியாம, விசேஷ வூட்டுல நனஞ்ச கொடைய வெச்சுக்கிட்டு நிக்கற மாதிரி நின்னாரு. அரை மணி நேரம் பாத்துட்டு, 'சார் நல்லா தேடறாரு, பாவம், நான் அப்பறமா வரேன்'னுட்டுப் போயிட்டாரு."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க குடுத்தத அடிக்கச் சொன்னீங்க. அடிச்சேன்."

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் என்னைத் தனியாக நிறுத்தினார். நான் லத்தீன் விவரத்தைச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் வுடு. நீ பயந்தியா, இல்லியா?"

"பயந்தேன் சார்."

"அப்ப அவன் பயமுறுத்துனான். முடிஞ்சுது. ரிஞ்ச தூக்குனானான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒத்த வார்த்தை. உன் பிரமோஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். அதை அடித்துக் கொடுத்ததும் அதே அம்மாதான்.

பயிற்சி அறையில் விசாரணை. வக்கீல் நடுவில். மேனேஜர் ஓரமாக. டைப்பிஸ்ட் அம்மா நடப்பதை அடிப்பதற்காக மெஷினோடு. செல்லமுத்து சுவரை ஒட்டி, அன்றைக்கு வெறுங்கையோடு. அவர் வேலை இருக்குமா போகுமா என்பது என் வாயில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டாக்டர் என்ன சொல்வாரோ என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பாய் எழுந்தார். வார்த்தையின் அர்த்தத்தைக் கேட்பார் என்று நோட்டைத் தயாராக வைத்திருந்தேன்.

"அர்த்தம் அப்பறம் இருக்கட்டும் சார். செல்லமுத்து எப்புடி வந்தாரு, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

"நடந்தா?"

"ஆமா சார். ஆக்ரோஷமா. வாசல்லேருந்து."

வக்கீல் தலையசைத்தார். வாசலுக்குப் போனேன். நடந்து வந்தேன்.

"இது எங்க வாப்பா பள்ளிவாசலுக்குப் போற நட மாதிரில்ல இருக்கு" என்றார் பாய். "ஆக்ரோஷம் எங்க சார்?"

திரும்பப் போய், தோளை விரித்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அறையில் யாரோ இருமினார்கள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, ரிஞ்ச கையில வெச்சுக்கிட்டு வாங்க. அது இல்லாம வர மாட்டேங்குது போல."

மேஜைமேல் சாட்சிப் பொருளாக இருந்த ரிஞ்சை எடுத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைத் தொட்டேன். அதைத் தூக்கிச் சுழற்ற வேண்டுமென்றால் எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். கை தானாகத் தொங்கியது. தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவரும் இப்படித்தான் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

"ரிஞ்ச ஏன் சார் ஆபீசுக்கு எடுத்துட்டு வந்தாரு? வெளிய வெச்சுட்டு வந்திருக்கலாமுல்ல?" என்று பாய் கேட்டுவிட்டு, ஒரு தாளைப் பிரித்தார். டூல் ரூம் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு. வாங்கிய சாமானைத் திருப்பி ஒப்படைக்கிற வரை எங்கேயும் வைக்காமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை. "கீழ கையெழுத்து யாரு சார்?"

"நான்தான்."

"நல்ல கையெழுத்து."

கடைசியாக வக்கீலே கேட்டார். "நேரடியாச் சொல்லுங்க. ரிஞ்சைத் தூக்கிச் சுழற்றினாரா?"

மேனேஜர் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவர் முகம் தெரிந்தது. ஆமா என்பது இரண்டே எழுத்து. இல்லை என்பது மூன்று. தைரியத்தால் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். சற்று முன்னால்தான் எல்லார் எதிரிலும் மூன்று தரம் நடந்து காட்டியிருக்கிறேன். அதற்கு மேல் மானம் போவதற்கு என்னிடம் மிச்சமில்லை. மீசை ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் கதவைத் தாழ் போட்டுக்கிட்டீங்க?"

"பயம் சார்."

"அவர் பயமுறுத்தினாரா?"

"இல்ல சார். அவர் நடந்து வந்தாரு. நானே பயந்துகிட்டேன்."

டைப் மெஷின் நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். "கடைசி வரிய திரும்பச் சொல்லுங்க தம்பி" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். திரும்பச் சொன்னேன். அடித்தார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று வக்கீல் எழுதினார். என் பிரமோஷன் பேப்பர் மேனேஜர் மேஜையிலேயே மூன்று வருஷம் இருந்து பழுத்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை என்று சொன்னால் பொய். நிறையவே இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். குற்றம் எழுதும்போது ஆளின் கை என்ன செய்தது, கால் என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, அதை எழுதுங்கள். 'அக்ரஸிவ்' என்று எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிட்டு, அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று போய்க் கேளுங்கள். உங்கள் மேல் நடந்ததாக நீங்கள் நினைக்கிற குற்றத்துக்கு நீங்களே சார்ஜ் மெமோ எழுதாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று சொன்னால், அதையே எழுத்தில் கேளுங்கள்.

வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்கிற உத்தரவை நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தாய் ஃபைலில் அதற்கு மாதிரி கிடையாது. நானே எழுதினேன். செல்லமுத்து வந்தார். தமிழ் நகலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கையெழுத்துப் போட்டார். போகவில்லை. என் மேஜைக்கு இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்.

"சார்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கால் இரண்டும் மேஜைக்குக் கீழே தாமாகவே ரெக்கார்டு ரூம் பக்கம் திரும்பிக்கொண்டன. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க செல்லமுத்து."

"இங்கிலீசு காயிதத்துல என்னப் பத்தி வேற ஏதாச்சும் போட்டிருக்கா சார்?"

"இல்லங்க. நாளைக்குக் காலையில ஷிப்டுக்கு வரணும்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப சரி. வந்துடறேன் சார்."

போய்விட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்றைக்கும் பயந்தேன், மறைப்பானேன். ஆனால் அந்தப் பயத்தை யார் ஃபைலிலும் போடவில்லை.